தொடர்ப் போட்டிகளில் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கணித முறைகள்

இரண்டு பேரோ இரண்டு அணிகளோ மோதினால் யார் வென்றார் என்பதில் ஐயம் எழுவதில்லை. பலர் பங்கேற்கும் தொடரில் அந்தத் தனித்தனி முடிவுகளைத் தொகுத்து ஒரு வெற்றியாளரை அறிவிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே முடிவுப் பட்டியலிலிருந்து வெவ்வேறு முறைகள் வெவ்வேறு வரிசைகளைத் தரக்கூடும். இந்தச் சிக்கலைப் பற்றிய எழுத்துகள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதுரங்க ஆட்டக்காரர்களும், இருபதாம் நூற்றாண்டில் கணிதவியலர்களும் புள்ளியியலாளர்களும், அண்மைக் காலத்தில் கணினி அறிவியலாளர்களும் இதை ஆராய்ந்துள்ளனர். இந்த வரலாற்றின் இரண்டு நிகழ்வுகள் தென்சென்னைப் பகுதியைச் சார்ந்தவை. ஒன்று, தாம்பரம் அமைந்துள்ள செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மாமல்லபுரத்தில் 2022இல் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு. மற்றொன்று, தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள்.

மாமல்லபுரம் ஒலிம்பியாடு

44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு முதலில் உருசியாவில் நடைபெறுவதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த வாய்ப்பு உருசியாவிடமிருந்து பறிக்கப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு வழங்கப்பட்டது. சூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா நடந்தது. மறுநாள் முதல் ஆகத்து 9 வரை மாமல்லபுரத்தில் ஆட்டங்கள் நடந்தன. பொதுப் பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் பதிவு செய்திருந்தன.

188 அணிகளும் ஒன்றோடொன்று மோத வேண்டுமானால் 17,578 மோதல்களும் 187 சுற்றுகளும் தேவைப்படும். அவ்வளவு நாள் யாராலும் ஆட முடியாது. எனவே ஒலிம்பியாடில் சுவிஸ் முறை பின்பற்றப்படுகிறது. 1895இல் சூரிச் நகரில் யூலியசு முல்லர் அறிமுகப்படுத்திய முறை இது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சம புள்ளிகளில் இருப்பவர்கள் மோதுவார்கள்; ஒருமுறை மோதியவர்கள் மீண்டும் மோதுவதில்லை. மாமல்லபுரத்தில் 11 சுற்றுகள் ஆடப்பட்டன. அதாவது பொதுப் பிரிவில் நடந்திருக்கக்கூடிய மோதல்களில் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவானவையே உண்மையில் நடந்தன. மீதியைக் கணக்கின் வழியாகவே ஊகிக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு மோதலும் நான்கு பலகைகளில் நடக்கும். மோதலை வென்ற அணிக்கு 2 புள்ளிகள், சமன் செய்தால் 1 புள்ளி. இவற்றை அணிப் புள்ளிகள் எனலாம். ஒவ்வொரு பலகையிலும் கிடைக்கும் 1, அரை, 0 ஆகியவை பலகைப் புள்ளிகள். தரவரிசை முதலில் அணிப் புள்ளிகளால் அமையும்.

இறுதிச் சுற்று முடிந்தபோது பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளிகள் பெற்றிருந்தன. மகளிர் பிரிவில் உக்ரைனும் சியார்சியாவும் தலா 18 புள்ளிகள் பெற்றிருந்தன. இரண்டு பிரிவுகளிலும் தங்கம் யாருக்கு என்பதைச் சமநிலை முறிப்புக் கணக்கே முடிவு செய்தது. உஸ்பெகிஸ்தானும் உக்ரைனும் தங்கம் வென்றன.

மகளிர் பிரிவின் மூன்றாம் இடம் இன்னும் நுட்பமானது. கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி, ரா. வைசாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்ணி ஆகியோர் அடங்கிய இந்திய முதல் அணி பத்துச் சுற்றுகள் முடிவில் 17 புள்ளிகளுடன் முன்னணியில் இருந்தது. கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1–3 என்ற கணக்கில் தோற்றது. அந்த வெற்றியால் அமெரிக்காவும் 17 புள்ளிகளை எட்டியது. கசகசுதானுக்கும் 17 புள்ளிகள். வெண்கலம் இந்தியாவுக்குக் கிடைத்தது. அமெரிக்கா நான்காம் இடம் பெற்றது.

இந்திய அணியைச் சில மணி நேரத்துக்கு முன்புதான் அமெரிக்கா நேருக்கு நேர் வென்றிருந்தது. இருந்தும் பதக்கம் தோற்ற அணிக்குச் சென்றது. காரணம், சோனபோர்ன்–பெர்கர் எனப்படும் கணக்கின் ஒலிம்பியாடு வடிவம். ஓர் அணி தான் சந்தித்த ஒவ்வோர் எதிரணியிடமும் எடுத்த பலகைப் புள்ளிகளை, அந்த எதிரணி தொடர் முழுவதும் எடுத்த அணிப் புள்ளிகளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மிகக் குறைந்த புள்ளி பெற்ற எதிரணி மட்டும் கணக்கில் சேராது.

இந்திய அணி சியார்சியாவை 3–1 என வென்றிருந்தது. இதன் மதிப்பு 18 பெருக்கல் 3, அதாவது 54. கசகசுதானை 3½–½ என வென்றதற்கு 59½. உக்ரைனோடு 2–2 எனச் சமன் செய்ததற்கு 36. அமெரிக்காவிடம் தோற்றபோது எடுத்த ஒரு பலகைப் புள்ளிக்குக்கூட 17 கிடைத்தது. கடைசி நாளில் அமெரிக்கா பெற்ற வெற்றியின் மதிப்பு 51. அந்த ஒரு மோதலில் இழந்த வித்தியாசத்தை, வலிய அணிகளிடம் முன்னரே சேர்த்திருந்த மதிப்பு ஈடு செய்தது. அமெரிக்காவே இந்தியாவை வென்றது. ஆனால் முழுத் தொடரிலும் கடினமான எதிரணிகளிடம் கூடுதலாகச் சாதித்தது இந்தியா என்று இந்தக் கணக்கு கூறுகிறது. இவற்றில் எது பெரிது என்பதைக் கணக்கு கண்டுபிடிக்கவில்லை. விதியை எழுதியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள்.

ஒரு சிறு எடுத்துக்காட்டு

இந்தச் சிக்கலை நான்கு அணிகளைக் கொண்டே காட்டலாம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் ஆகிய நான்கு பள்ளி அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதியதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு மோதல்களின் முடிவுகள்:

தாம்பரம் வென்றவை: குரோம்பேட்டை, பல்லாவரம்.
குரோம்பேட்டை வென்றவை: பல்லாவரம், மேடவாக்கம்.
பல்லாவரம் வென்றது: மேடவாக்கம்.
மேடவாக்கம் வென்றது: தாம்பரம்.

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இரண்டிரண்டு வெற்றிகள். பல்லாவரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் ஒவ்வொரு வெற்றி. தாம்பரம் குரோம்பேட்டையை வென்றது, குரோம்பேட்டை மேடவாக்கத்தை வென்றது, மேடவாக்கமோ தாம்பரத்தை வென்றது. இப்படி வட்டமாகச் சுற்றிவரும் முடிவுகளைச் சுழல் என்பர். இணை ஒப்பீட்டுத் தரவுகளில் எத்தனை மும்முனைச் சுழல்கள் உள்ளன என்பதை எண்ணி, அதை முரண்பாட்டின் அளவுகோலாகக் கொள்ளும் முறையை மாரிசு கெண்டாலும் பாபிங்டன் சுமித்தும் 1940இல் முன்வைத்தனர். மேலுள்ள எடுத்துக்காட்டில் அத்தகைய சுழல்கள் இரண்டு. சுழல் இல்லாத தொடரில் எல்லா முறைகளும் ஒரே வரிசையைத்தான் தரும். சுழல் இருக்கும் இடத்தில்தான் முறைகள் பிரிகின்றன.

மூன்றாம் பரிசு பல்லாவரத்துக்கா மேடவாக்கத்துக்கா என்பதே இங்குள்ள கேள்வி. பல்லாவரம் மேடவாக்கத்தை நேரடியாக வென்றுள்ளது. மேடவாக்கம் முதலிடத்திலுள்ள தாம்பரத்தையே வென்றுள்ளது. மாமல்லபுரத்தில் எழுந்த வெண்கலக் கேள்வியின் சிறு வடிவம் இது.

வெற்றிகளை எண்ணும் முறை

இணை ஒப்பீட்டின் வழியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கருத்து முதலில் விளையாட்டில் தோன்றவில்லை. தேவாலயத் தேர்தலில் தோன்றியது. மயோர்க்காத் தீவைச் சேர்ந்த ரமோன் லுல், மடத் தலைவியைத் தேர்ந்தெடுக்க வேட்பாளர்களை இருவர் இருவராக ஒப்பிட்டு வாக்களிக்கும் முறையை 1283ஆம் ஆண்டளவில் எழுதிய 'பிளான்கெர்னா' என்ற புதினத்தில் விவரித்தார். 1299இல் இதைப் பற்றித் தனிக் குறிப்பும் எழுதினார். அதிக ஒப்பீடுகளில் வெல்பவரே தேர்ந்தெடுக்கப்படுவார்.

பிரெஞ்சு அறிஞர் கொண்டர்செட் 1785இல் வெளியிட்ட நூலில் இந்த முறையின் அடிப்படைச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். தனித்தனி வாக்காளர் ஒவ்வொருவரும் தெளிவான வரிசையை வைத்திருந்தாலும், பெரும்பான்மையின் ஒப்பீடுகள் சுழலாக அமையக்கூடும். அப்போது மற்ற அனைவரையும் வெல்லும் ஒருவர் இருக்க மாட்டார். 1951இல் ஆர்தர் கோப்லேண்ட், வென்ற ஒப்பீடுகளிலிருந்து தோற்ற ஒப்பீடுகளைக் கழித்து வரிசைப்படுத்தும் முறையை முன்வைத்தார். விளையாட்டுத் தொடர்களின் புள்ளிப் பட்டியலும் இதே கருத்தில்தான் அமைந்துள்ளது.

வெற்றிகளை எண்ணும் முறைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இசுரேலியப் பொருளியலாளர் ஏரியல் ரூபின்சுடைன் 1980இல் மூன்று நிபந்தனைகளை எடுத்துக்கொண்டார். பங்கேற்பாளர்களின் பெயர் முடிவைப் பாதிக்கக் கூடாது. கூடுதல் வெற்றி ஒருவரைக் கீழே தள்ளாமல் மேலே உயர்த்த வேண்டும். இருவருக்கு இடையிலான வரிசை, அந்த இருவரும் ஆடிய ஆட்டங்களை மட்டுமே சார்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் நிறைவேற்றும் முறை வெற்றிகளை எண்ணுவது ஒன்றே என்று அவர் நிறுவினார்.

மூன்றாவது நிபந்தனையே இங்கு முக்கியமானது. புள்ளிப் பட்டியலில் இருவர் சமமாக நின்றபின் சோனபோர்ன்–பெர்கர் போன்ற கணக்கால் அவர்களைப் பிரிக்கும்போது, வேறு இருவர் ஆடிய ஆட்டத்தின் முடிவும் உள்ளே வந்துவிடுகிறது. தன் ஆட்டத்தை முடித்துவிட்ட வீரர் அரங்கின் வேறு மூலையில் நடக்கும் ஆட்டத்தைக் கவலையோடு பார்த்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எதிராளியின் வலிமையைச் சேர்க்கும் முறை

எல்லா வெற்றிகளும் ஒரே மதிப்புடையவையா என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சதுரங்கத் தொடர்களில் கூர்மையடைந்தது. 1873இல் ஆஸ்கர் கெல்ப்ஃபுசு, ஒருவர் வென்ற எதிராளிகளின் புள்ளிகளையும் கணக்கில் சேர்க்கலாம் என்றார். 1882இல் எர்மன் நோய்சுடாட்ல் இன்று வழக்கிலுள்ள வடிவத்தைக் கொடுத்தார். தான் வென்றவர்களின் முழுப் புள்ளிகளையும், தன்னோடு சமன் செய்தவர்களின் பாதிப் புள்ளிகளையும் கூட்டுவது இந்த முறை. 1880களின் பிற்பகுதியில் வில்லியம் சோனபோர்னும் யோகன் பெர்கரும் இதைக் குறைகூறி, ஆட்டக்காரரின் சொந்தப் புள்ளியின் வர்க்கத்தையும் சேர்க்க வேண்டும் என்றனர். அவர்களது திருத்தம் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் நோய்சுடாட்லின் கணக்கு, அதைக் குறைகூறிய இருவரின் பெயரால் இன்று வழங்குகிறது. 1932இல் புரூனோ புக்கோல்ட்சு இன்னும் எளிய வழியைக் கூறினார். வென்றாலும் தோற்றாலும், சந்தித்த எதிராளிகள் அனைவரின் புள்ளிகளையும் கூட்டினால் போதும். சுவிஸ் முறைத் தொடர்களில் இது பரவலாகப் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டில் சோனபோர்ன்–பெர்கர் கணக்கைப் போட்டால், பல்லாவரத்துக்கு 1 (மேடவாக்கத்தின் புள்ளி) கிடைக்கிறது. மேடவாக்கத்துக்கு 2 (தாம்பரத்தின் புள்ளி) கிடைக்கிறது. எனவே மூன்றாம் இடம் மேடவாக்கத்துக்கு. முதலிடத்தில் தாம்பரத்துக்கு 3, குரோம்பேட்டைக்கு 2.

எதிராளியின் புள்ளியைச் சேர்ப்பது நியாயமென்றால், அந்த எதிராளி வென்றவர்களின் புள்ளியையும் சேர்க்க வேண்டாமா? இந்தக் கேள்வியை இறுதிவரை கொண்டு சென்றவர் எட்மண்ட் லாண்டாவ். பின்னாளில் எண் கோட்பாட்டில் பெரும் புகழ் பெற்ற அவர், 1895இல் தமது 18ஆம் வயதில் ஒரு செருமன் சதுரங்க இதழில் இதைப் பற்றி எழுதினார். ஒவ்வொருவரின் வலிமையும் அவர் வென்றவர்களின் வலிமைகளின் கூட்டுத்தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அவரது கருத்து. ஒருவரின் வலிமையை அறிய மற்றவர்களின் வலிமை தேவை. மற்றவர்களுடையதை அறிய இவருடையது தேவை. வட்டமாகத் தோன்றும் இந்தச் சமன்பாடுகளை அணிக் கோட்பாட்டின் ஐகன் திசையன் வழியாகத் தீர்க்கலாம். 1950களில் டி. எச். வேயும் கெண்டாலும் இதே முறையைப் புள்ளியியலில் நிலைபெறச் செய்தனர். 1998இல் கூகுள் நிறுவனர்கள் இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்த உருவாக்கிய முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மதிப்புமிக்க பக்கங்கள் சுட்டும் பக்கம் மதிப்புமிக்கது என்பதே அதன் அடிப்படை.

நான்கு அணிகளுக்கும் இக்கணக்கைப் போட்டு, தாம்பரத்தின் வலிமையை 1 என வைத்தால், குரோம்பேட்டைக்கு 0.88, மேடவாக்கத்துக்கு 0.72, பல்லாவரத்துக்கு 0.51 கிடைக்கின்றன. இங்கும் மூன்றாம் இடம் மேடவாக்கத்துக்கே.

எச். ஜி. லாண்டாவ் என்ற மற்றோர் அறிஞர் 1953இல் கோழிக் கூட்டங்களில் எது எதைக் கொத்துகிறது என்பதை ஆராய்ந்து வேறொரு கருத்தைத் தந்தார். மற்ற ஒவ்வொன்றையும் நேரடியாகவோ, தான் வென்ற ஒன்றின் வழியாகவோ வெல்வது 'அரசன்' ஆகும். அதிக வெற்றி பெற்றது எப்போதும் ஓர் அரசனாக இருக்கும். ஆனால் அரசர்கள் பலர் இருக்கலாம். எடுத்துக்காட்டில் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் மூன்றும் அரசர்கள். பல்லாவரத்தால் ஒரே இடைநிலையில் குரோம்பேட்டையை எட்ட முடியாததால் அது அரசன் அல்ல.

நிகழ்தகவு முறை

எர்ன்சுடு செர்மெலோ கணக் கோட்பாட்டில் பெயர் பெற்றவர். அவர் 1929இல் தொடர்ப் போட்டியை நிகழ்தகவுக் கணக்காக மாற்றினார். ஒவ்வொருவருக்கும் வலிமை என்ற ஓர் எண் உண்டு. முதலாமவரின் வலிமை 3, இரண்டாமவரின் வலிமை 1 என்றால், நான்கு ஆட்டங்களில் மூன்றை முதலாமவர் வெல்வார் என எதிர்பார்க்கலாம். கிடைத்த முடிவுகள் நிகழ மிக அதிக வாய்ப்புத் தரும் எண்களே ஆட்டக்காரர்களின் உண்மையான வலிமை எனக் கொள்ளப்படும். லாஸ்கர், கபபிளாங்கா, அலேகின் ஆடிய 1924 நியூயார்க் தொடருக்கு அவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். 1952இல் பிராட்லியும் டெர்ரியும் இதே மாதிரியைத் தனியாகக் கண்டறிந்தனர்.

எல்லோரும் எல்லோருடனும் ஒரே எண்ணிக்கையில் மோதிய தொடரில் செர்மெலோவின் வரிசையும் வெற்றி எண்ணிக்கையின் வரிசையும் ஒன்றே. எனவே எடுத்துக்காட்டில் இந்த முறை பல்லாவரத்தையும் மேடவாக்கத்தையும் பிரிக்காது. இரண்டுக்கும் சம வலிமை என்றே கூறும். எல்லோரும் எல்லோருடனும் மோதாத இடங்களில்தான் இதன் பயன் தெரியும். அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ உருவாக்கிய தரப்புள்ளி முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகக் கூட்டமைப்பான பிடே 1970இலும் ஏற்றன. 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ மூன்று புள்ளிகள் எடுப்பார் என்பது இதன் கணிப்பு.

இத்தகைய எண்கள் எதிர்பார்ப்பையே கூறுகின்றன, முடிவை அல்ல. மாமல்லபுரத்தில் தரப்புள்ளி அடிப்படையில் உஸ்பெகிஸ்தான் 14ஆம் இடத்திலும் இந்திய இரண்டாம் அணி 11ஆம் இடத்திலும் வைக்கப்பட்டிருந்தன. முதலாவது தங்கம் வென்றது. இரண்டாவது, முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற சென்னை வீரர் தொ. குகேசின் துணையோடு வெண்கலம் வென்றது.

வெளியேற்று முறையும் அட்டவணையின் பங்கும்

தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் முறையில் சமநிலைச் சிக்கலே எழாது. ஆனால் அங்கு யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணையே முடிவை மாற்றக்கூடும். நான்கு அணிகளையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அரையிறுதியில் தாம்பரமும் குரோம்பேட்டையும் மோதினால் தாம்பரம் கோப்பையை வெல்லும். தாம்பரமும் பல்லாவரமும் மோதினாலும் அப்படியே. தாம்பரமும் மேடவாக்கமும் மோதினால், தாம்பரம் வெளியேறி குரோம்பேட்டை கோப்பையை வெல்லும். எந்த அணியின் ஆட்டத் திறனும் மாறாமலே வெற்றியாளர் மாறிவிடுகிறார்.

'ஆலிசின் அற்புத உலகம்' எழுதிய லூயிசு கரோல் ஒரு கணித ஆசிரியர். டென்னிசுத் தொடர்களில் இரண்டாம் பரிசு தகுதியற்றவருக்குப் போய்விடுகிறது என்று 1883இல் அவர் தனிக் கட்டுரை எழுதினார். இரண்டாவது வலிய ஆட்டக்காரர் முதல் சுற்றிலேயே மிக வலியவரைச் சந்தித்து வெளியேறலாம் என்பது அவரது வாதம்.

எட்டு அணிகளுக்கு 315 வெவ்வேறு அட்டவணைகள் அமைக்கலாம். அணிகள் பெருகும்போது இந்த எண்ணிக்கை மிக வேகமாக உயர்கிறது. குறிப்பிட்ட ஓர் அணியை வெல்ல வைக்கும் அட்டவணை உண்டா என்று கண்டறிவது பொதுவாகக் கடினமான கணக்கு. முடிவுகள் பெரும்பாலும் ஒரு தெளிவான வரிசையை ஒட்டி அமைந்து, சில அதிர்ச்சி முடிவுகள் மட்டுமே இருந்தால் அதை விரைவாகச் செய்யலாம். சுஷ்மிதா குப்தா, சஞ்சுக்தா ராய், சாகேத் சௌரப், மெய்ரவ் செகாவி ஆகியோர் 2018இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு முன்னிருந்தவற்றைவிட வேகமான வழிமுறையைத் தந்தது. இவ்வாய்வில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

குறைந்த முரண் கொண்ட வரிசை: தரமணி ஆய்வுகள்

அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் தரமணியில் இயங்குகிறது. அங்குள்ள கோட்பாட்டுக் கணினியியல் குழு, தொடர்ப் போட்டிகளின் வேறொரு கேள்வியில் முக்கியப் பங்காற்றியுள்ளது.

பாட்ரிக் சிலேட்டர் 1961இல் முன்வைத்த முறைப்படி, புள்ளிகளை எண்ண வேண்டாம். எல்லா அணிகளையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். கீழே நிற்கும் அணி மேலே நிற்கும் அணியை வென்றிருந்தால் அது ஒரு முரண். மிகக் குறைந்த முரண்கள் கொண்ட வரிசையே சிறந்த வரிசை. எடுத்துக்காட்டில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என்ற வரிசையில் ஒரே ஒரு முரண்தான் உண்டு: மேடவாக்கம் தாம்பரத்தை வென்றது. வேறெந்த வரிசையிலும் முரண்கள் இதைவிடக் கூடும். ஆக, இந்த முறையில் மூன்றாம் இடம் பல்லாவரத்துக்கு. சோனபோர்ன்–பெர்கர் முறையில் மேடவாக்கத்தின் பெருமையாக இருந்த அதே வெற்றி, இங்கு ஒதுக்கிவிடத்தக்க விதிவிலக்காகக் கருதப்படுகிறது.

நான்கு அணிகளை 24 வகையாக வரிசைப்படுத்தலாம். பத்து அணிகளுக்கு 36,28,800 வரிசைகள். இருபது அணிகளுக்கு அந்த எண் 19 இலக்கங்களைத் தாண்டாவிட்டாலும் அவ்வளவையும் நிரப்பிவிடும். ஒவ்வொன்றாகச் சோதிப்பது கணினிக்கும் இயலாது. இந்தக் கணக்கு கணினியியலில் மிகக் கடினமானவை எனக் கருதப்படும் வகையைச் சேர்ந்தது என்பதை நோகா அலான் உள்ளிட்டோர் 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினர்.

இதை அணுகத் தரமணியின் வெங்கடேஷ் ராமனும் சாகேத் சௌரபும் வேறு வழியை மேற்கொண்டனர். தொடர் பெரிதாக இருக்கலாம். ஆனால் முரண்கள் சிலவாக மட்டுமே இருந்தால்? கணக்கின் கடினத்தை அணிகளின் எண்ணிக்கையோடு பிணைக்காமல் முரண்களின் எண்ணிக்கையோடு மட்டும் பிணைக்கலாம் என்பது இந்த அணுகுமுறை. இருவரும் எழுதிய கட்டுரை 2006இல் வெளிவந்தது. 2009இல் அலான், தானியேல் லோக்சுதானோவ், சௌரப் மூவரும் இன்னும் மிக வேகமான வழிமுறையை வெளியிட்டனர். அதே காலத்தில் சௌரப் உள்ளிட்ட மற்றொரு குழு, பெரிய தொடரை முதலில் சுருக்கி, முரண்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவுள்ள சிறிய தொடராக மாற்றிவிட முடியும் என்று காட்டியது. தேடுபொறிகளின் முடிவுகளை ஒன்றிணைப்பது போன்ற வேறு வேலைகளிலும் இதே கணக்கு தோன்றுவதால், இந்த ஆய்வுகளின் பயன் விளையாட்டோடு நின்றுவிடவில்லை.

சமநிலையைப் பிரித்த வேறு தீர்ப்புகள்

சென்னையின் சதுரங்க வரலாற்றில் சமநிலை முறிப்பு வேறு தருணங்களிலும் குறுக்கிட்டுள்ளது. விசுவநாதன் ஆனந்தை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்க 2013இல் லண்டனில் நடந்த தகுதித் தொடரில் மாக்னசு கார்ல்சனும் விளாதிமிர் கிராம்னிக்கும் தலா 8½ புள்ளிகள் பெற்றனர். இருவரும் தமக்குள் ஆடிய ஆட்டங்கள் சமனில் முடிந்திருந்தன. அடுத்த விதி, அதிக ஆட்டங்களை வென்றவர் யார் என்பது. கார்ல்சன் ஐந்து ஆட்டங்களை வென்று இரண்டில் தோற்றிருந்தார். கிராம்னிக் நான்கை வென்று ஒன்றில் மட்டுமே தோற்றிருந்தார். கார்ல்சன் தகுதி பெற்று, அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்கு வந்து ஆனந்தை 6½–3½ என வென்று உலக வாகையர் ஆனார். குறைவாகத் தோற்றவருக்கே முன்னுரிமை என்று விதி எழுதப்பட்டிருந்தால் சென்னையில் ஆனந்தின் எதிரே அமர்ந்திருப்பவர் கிராம்னிக்.

2023 திசம்பரில் நடந்த சென்னை கிராண்ட் மாசுடர்சு தொடரில் குகேசும் அர்சுன் எரிகைசியும் தலா 4½ புள்ளிகள் பெற்றனர். சமநிலை முறிப்பில் முந்திய குகேசு வாகை சூடினார். அடுத்த ஆண்டு தகுதித் தொடரில் ஆடும் இடத்தைப் பெற அந்த வெற்றி அவருக்கு உதவியது. அத்தொடரை வென்ற அவர் 2024 திசம்பரில் உலக வாகையரும் ஆனார்.

எல்லாக் கணக்கும் தீர்ந்தபின் எஞ்சுவது குலுக்கல்தான். 1983இல் உலக வாகையர் தகுதிப் போட்டியின் காலிறுதியில் வாசிலி சுமிசுலோவும் இராபர்ட் ஊப்னரும் இறுதிவரை சமமாக நின்றனர். ஆஸ்திரியாவின் வெல்டன் நகரில் உருளைச் சக்கரத்தைச் சுழற்றிச் சுமிசுலோவை அடுத்த சுற்றுக்கு அனுப்பினர். குலுக்கலைத் தேர்வுமுறையாகவே கொண்ட பழைய எடுத்துக்காட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. அங்கும் யாருடைய பெயரைக் குடத்தில் இடலாம் என்பதற்கான விதிகளே விரிவாகக் கூறப்பட்டுள்ளன.

மதிப்பீடு

நான்கு அணிகளின் எடுத்துக்காட்டில் மூன்றாம் இடம், நேரடி மோதலின்படியும் குறைந்த முரண் முறையின்படியும் பல்லாவரத்துக்குச் செல்கிறது. சோனபோர்ன்–பெர்கர் முறையின்படியும் கெண்டால்–வே முறையின்படியும் மேடவாக்கத்துக்குச் செல்கிறது. வெற்றி எண்ணிக்கையும் செர்மெலோ முறையும் இரண்டும் சமம் என்கின்றன. இவற்றில் எந்தக் கணக்கும் தவறானதன்று. ஒவ்வொன்றும் 'சிறந்தவர்' என்ற சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொள்கிறது.

எனவே ஒரு தொடரின் நேர்மை, பயன்படுத்தும் முறையின் நுட்பத்தைவிட அது எப்போது அறிவிக்கப்படுகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. ஆட்டங்கள் முடிந்தபின் முறையைத் தேர்ந்தெடுத்தால், அது வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். மாமல்லபுரத்தில் அமெரிக்க மகளிர் அணிக்கு நான்காம் இடத்தைக் கொடுத்த விதி, முதல் காய் நகர்வதற்கு முன்பே எல்லா அணிகளின் கையிலும் இருந்தது. பள்ளி அளவிலான தொடர்களை நடத்துவோரும் சமநிலை முறிப்பு விதிகளை வரிசை எண்ணிட்டு முதல் சுற்றுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவது நல்லது. நேரம் இருந்தால், முதலிடத்துக்கான சமநிலையைக் கணக்குக்கு விடாமல் கூடுதல் ஆட்டத்தால் பிரிப்பது மற்றொரு வழி. உலக வாகையர் தகுதித் தொடரில் முதலிடச் சமநிலைக்கு 2022 முதல் விரைவு ஆட்டங்கள் விதிக்கப்பட்டுள்ளன.